தண்ணி குடிச்சுச்சா

ஜூலை 6, 2025, ஞாயிறு

இரவு 11.40. தம்பி (என் பையனை அப்படித்தான் கூப்பிடுவேன்) இப்போதுதான் தூங்கினான். இடது கெண்டைக்காலில் நாலு பல். வலது கையில் சுண்டுவிரல் பக்கம் ஒன்று. காலில் ஒன்று மட்டும் ஆழம், சதை பிளந்து கிடக்கிறது. தையல் போடவில்லை. நாய்க்கடிக்கு அவசரப்பட்டுத் தைக்கக் கூடாதாம்.

அண்ணன் வீட்டுக் குழாயடியில் பதினைந்து நிமிஷம் கழுவினேன். துணி சோப்புதான் இருந்தது. போனைத் திண்டில் வைத்து நேரம் பார்த்துக்கொண்டே கழுவினேன். அலறினான். மதினி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து எடுத்து வந்தார். கையைத் தட்டிவிட்டேன், கிண்ணம் உருண்டு போனது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கு முடியாது.

பெரியாஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். 24 கிலோ. கிலோவுக்கு 40 யூனிட் கணக்கில் சீரம், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்கிற மருந்து. அதைக் கையிலோ இடுப்பிலோ போடுவார்கள் என்று நினைத்தேன். காயத்துக்குள்ளேயே, சுற்றிச் சுற்றி ஊசியை இறக்கினார்கள். தம்பி என் முந்தானையைக் கடித்துக்கொண்டான். துணியில் பல் தடம் இன்னும் இருக்கிறது.

அட்டையில் தடுப்பூசிக்கு நாலு தேதி: ஜூலை 6, 9, 13, ஆகஸ்ட் 3.

நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வந்து சொல்லச் சொன்னார்கள்.

அண்ணன் வீட்டில் அம்மாவின் கட்டில் ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் சந்தும், கடித்த வீராவும், அண்ணன் வளர்க்கிற நாய், நன்றாகத் தெரியும். கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "அது தண்ணி குடிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா."

ஜூலை 7

காய்ச்சல் 100. காலை 7.10க்கு அம்மா: "குடிச்சுருச்சுத்தா. அரைச் சட்டி."

ஜூலை 8

அந்தச் சந்துக் கேட் கொண்டி.

பொங்கலுக்குப் போனபோதே கம்பி சுற்றித்தான் கட்டியிருந்தது. "என்னண்ணே இது" என்றேன். "வெல்டரைக் கூப்பிடணும்மா, இந்த வாரம் பாத்துருவோம்" என்றான். சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோதும் அதே கம்பி, துரு ஏறி. அப்போது நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும்போது எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம். இரண்டு நாளாக இதே நினைப்பு. சங்கிலிக் கொக்கி கழன்றது தற்செயல் என்கிறான் அண்ணன். இருக்கட்டும். கொக்கி கழன்றாலும் கேட் நின்றிருந்தால் வீரா சந்துக்குள்ளேயே குரைத்துக்கொண்டிருந்திருக்கும். தம்பி அம்மாச்சிக்குக் கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டோடு உள்ளே போயிருப்பான்.

நாயின் ஊசிப் புத்தகத்தைக் கேட்டேன். "போட்டாச்சு, எல்லாம் போட்டாச்சு" என்று இரண்டு நாளாகச் சொன்னவர்கள் இன்று சாயங்காலம் போட்டோ அனுப்பினார்கள். 2022-ல் ஒட்டிய ஸ்டிக்கர். பக்கத்தில் அடுத்த தேதிக்கான கட்டம். அதற்குக் கீழே எல்லாக் கட்டமும் வெள்ளை.

வருஷத்துக்கு ஒரு ஊசி. அரசு கால்நடை மருத்துவமனையில் ஜூலை 6-ஐ ஒட்டி வருஷா வருஷம் இலவசமாகவே போடுகிறார்கள். அந்தத் தேதியைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணனிடம் கத்தினேன். "பையன் என்ன சேட்டை பண்ணுனான்னு கேளு மொதல்ல" என்றான். ஒன்பது வயசுப் பிள்ளை. பிஸ்கட் பாக்கெட். வைத்துவிட்டேன்.

ஜூலை 9

இரண்டாவது ஊசி. இரண்டு தோளிலும் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள், கொப்புளம் மாதிரி எழும்புகிறது, அவ்வளவுதான். தம்பி, "இதுக்கா இவ்வளவு பயந்தோம்" என்றான். பயந்தது நான்.

அம்மா போனில் பழைய கதை சொன்னாள். உசிலம்பட்டியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளையும் நாய் கடித்திருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாராம். மருந்து குன்னூரிலிருந்து வரும் என்று சொல்லிக்கொள்வார்களாம். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து, 2004-க்குப் பிறகு நம் நாட்டில் அதை நிறுத்திவிட்டார்கள் என்று நான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆட்டு மூளையா" என்றாள். அப்புறம், "அந்தக் குன்னூர்க்காரவுங்க நல்லா இருக்கட்டும்" என்றாள்.

கறி, மீன், கத்திரிக்காய் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மாடி வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனார். டாக்டரிடம் கேட்டேன். பத்தியமே கிடையாதாம். முட்டை அவித்துக் கொடுத்தேன்.

தண்ணி குடித்தது. கஞ்சியும்.

ஜூலை 10

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை நடுங்குகிறது.

காலையில் அண்ணன் கூப்பிட்டான். குரல் தணிந்திருந்தது. "நீ சொன்னதெல்லாம் யோசிச்சேம்மா. ராத்திரி வண்டியில ஏத்திக் கொண்டு போயி வாடிப்பட்டி தாண்டி விட்டுட்டு வந்துர்றேன். இனிமே இந்த வீட்டுல நாயே வேண்டாம். நீயும் பிள்ளையும் நிம்மதியா வாங்க."

அவன் எனக்காகத்தான் சொல்கிறான். நன்றாகத் தெரிகிறது. நேற்று ராத்திரி முழுக்க முழித்திருந்திருப்பான், குரலே சொன்னது. நான் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு நாலாவது நாள். வீரா போய்விட்டால் என்ன கேட்டு, யாரைக் கேட்டு நான் மீதி ஆறு நாளை எண்ணுவேன்? "அண்ணே, பத்து நாள். பத்து நாள் அது கண்ணு முன்னாடி இருக்கணும். உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்" என்றேன். "சரி சரி, அழாத" என்றான்.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பத்து நாள் கழித்து? அப்புறம் கொண்டுபோய் விடட்டும் என்று சொல்கிறேனா நான்? சோறு போட்டு, பெயர் வைத்துக் கூப்பிட்ட நாயை நாலுவழிச் சாலையில் இறக்கிவிட்டால் லாரியில் அடிபடும், இல்லையென்றால் பட்டினியில் இன்னொரு பிள்ளையைக் கடிக்கும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு ஜன்னலோரம் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது.

ஜூலை 11

அவர் திருப்பூரிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். கேஸ் கொடுக்கச் சொல்கிறார். புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 291-ஆம். தன் வளர்ப்பு விலங்கால் யாருக்கும் ஆபத்தோ கடுங்காயமோ வராதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக விட்டால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "உங்கண்ணன்னா சட்டம் கெடையாதா" என்கிறார்.

அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அம்மா அந்த வீட்டில் படுத்திருக்கிறாள். மதினிதான் இரண்டு மாதமாகப் பெட்பேன் வைத்து எடுக்கிறார்.

ஜூலை 12

அம்மா கூப்பிடவில்லை. 7.10 ஆச்சு, 8 ஆச்சு. நான் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். அண்ணன் எடுக்கவில்லை. மதினி எடுக்கவில்லை.

11.20. இன்னும் இல்லை.

1.45. கரண்ட் இல்லையாம், சார்ஜ் போய்விட்டதாம். குடித்ததாம். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இரவு தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1885 ஜூலை 6. பாரிஸில் பாஸ்டர் முதன்முதலாக ஒரு பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போடவைத்த நாள். ஜோசப் மைஸ்டர். ஒன்பது வயசு. பத்து நாளில் பதிமூன்று ஊசி. பிழைத்துக்கொண்டான். அந்தத் தேதியில் முகாம் வைக்கக் காரணமே அதுதான். அவன் அம்மாதான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தப் பத்து ராத்திரியும் அவள் என்ன செய்தாள் என்று எங்கேயும் எழுதவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மூன்றாவது ஊசி முடிந்து தம்பியை மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். போக வேண்டும் போலிருந்தது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி போட்டார்.

அப்புறம் ஜன்னல் வழியாக, அம்மா பார்க்கிற அதே இடத்திலிருந்து, வீராவைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் அதைச் சத்தமாகத்தான் எனக்குத் தெரியும். செவலை உடம்பு, கருத்த மூஞ்சி, சரியான கோம்பை நாய். அண்ணன் தேனிப் பக்கம் போய், குட்டியாகச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. தெருவில் இரண்டு வீட்டில் பூட்டை உடைத்த வருஷம்.

சந்து மண்ணில் ஒரு அரைவட்டம். சங்கிலி எட்டும் தூரம் வரை தரை இறுகி, புல் பூண்டு இல்லாமல், சட்டி துடைத்த மாதிரி மினுங்குகிறது. கோடு கிழித்தாற்போல அதற்கு அந்தப் பக்கம் அருகம்புல். ஓரத்தில் நின்றுகொண்டு புல்லை எட்டி எட்டி மோந்தது. கழுத்தில் விரலகலத்துக்கு முடியே இல்லை, தோல் தடித்துக் கருத்துப் போயிருக்கிறது. பன்றி வேட்டைக்கு மைல் கணக்கில் ஓடிய சாதி. நாலு முழச் சங்கிலியில் மூன்று வருஷம்.

"எப்பம்மா அவுத்து விடுவாங்க?"

"ராத்திரி கொஞ்ச நேரம். பயலுக படிக்கப் போனதுலருந்து அதுவும் இல்ல."

என் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணால்தான் இதையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தது எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 14

கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்தார். போனில் நானும் இருந்தேன். தண்ணியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். "தண்ணிக்குப் பயப்படுறது மனுசனுக்கும்மா. நாய் தண்ணி குடிக்குதுன்னு மட்டும் பாத்து நம்பிராதீங்க. கொரல் மாறுதா, தாடை தொங்குதா, எச்சில் ஒழுகுதா, இருட்டுல போய் ஒளியுதா, அதைப் பாருங்க." ஒன்பது நாளாக நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேன்" என்றாள்.

டாக்டர் அண்ணனிடம் கேட்ட ஒன்று மனதிலேயே நிற்கிறது. "உறுமினா என்ன செய்வீங்க?" அண்ணன், "செருப்பால ஒரு போடு போடுவோம் சார், அடங்கிரும்." "அங்கதான் தப்பு நடக்குது. உறுமுறதுதான் அது 'கிட்ட வராத'ன்னு சொல்றது. உறுமலுக்கு அடி வாங்குன நாய் அடுத்த தடவை உறுமாது. நேரா கடிக்கும்."

தம்பி முதல் நாளே சொன்னான்: "அது கத்தவே இல்லம்மா. சும்மா பாத்துச்சு. அப்புறம் கடிச்சிருச்சு." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 15

அவர் அனுப்பிய 291-ஐத் தேடப் போய் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையும் படித்தேன். பதினொன்றாவது பிரிவு. குட்டையான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிப்போடுவது குற்றம். எப்போதும் கட்டிக் கிடக்கிற நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பதும் குற்றம், தனியாகவே எழுதியிருக்கிறது. பட்டினி கிடக்க விட்டுவிட்டு வருவதும்தான். அறுபத்தைந்து வருஷமாக இருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு சட்டம், வீராவுக்கு ஒரு சட்டம். இரண்டும் போய் நிற்கிற வாசல் ஒன்றுதான், என் அண்ணன் வாசல்.

இரண்டையும் அவனுக்கு அனுப்பினேன். நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 16

பத்தாவது நாள். அம்மா: "நல்லா இருக்குத்தா. குரைக்குது. கஞ்சி பத்தாம சட்டிய உருட்டுது."

கடித்த அன்று அதற்கு அந்த நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலமே வீராவுக்கு ஊசி போட்டார்கள். தம்பிக்கு ஆகஸ்ட் 3 ஊசியும் விடாமல் போட வேண்டும்.

மீனாட்சி கோயிலுக்குப் போனேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 17

ஆடி ஒண்ணு. பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.

ஜூலை 23

அண்ணன் ஆறு நாளாக விடிகாலை ஐந்தரைக்கு வீராவை நடக்கக் கூட்டிப் போகிறானாம். கம்பி வாய்ப்பூட்டு வாங்கியிருக்கிறான், மூச்சு வாங்கவும் தண்ணி குடிக்கவும் இடம் விட்டது. முதல் நாள் வீரா தெருமுனை தாண்ட மாட்டேன் என்று படுத்துக்கொண்டதாம். அரைவட்டத்துக்கு வெளியே அதற்கு ஒன்றும் தெரியவில்லை. மதினி சொல்லும்போது சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கேஸ் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.

கொண்டி பற்றி யாரும் பேசவில்லை.

ஜூலை 29

தெருவில் எந்த நாய் வந்தாலும் தம்பி என் பின்னால் வந்து புடவையைப் பிடித்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்து வாசலில் படுத்திருக்கிற கிழட்டு நாயைக் கண்டும். ஓடாதே, கண்ணைப் பார்க்காதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். நிற்கிறான். நிற்கும்போது கால் நடுங்குகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைசி ஊசி. அட்டையில் நாலு கட்டமும் நிறைந்தது.

ஆடிப்பெருக்கு. மதினி எலுமிச்சஞ்சாதமும் தேங்காய்ச்சாதமும் கிளறியிருக்கிறாராம். அம்மா கூப்பிட்டாள்: "பிள்ளைய ஒரு மாசமா கண்ணுல பாக்கல. கூட்டிட்டு வாத்தா." வீராவை மாடியில் கட்டியாச்சு என்றாள். தம்பி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொண்டி மாத்தியாச்சாம்மா?"

"இரு, அண்ணன்ட்ட குடுக்குறேன்."

போன் கை மாறியது.

"சொல்லும்மா" என்றான்.