ஐந்தாவது கியரிலிருந்து தொடங்கும் கணக்கு

சிங்கப்பூரின் மிக உயரமான இடமாகிய புக்கித் தீமா குன்று சுமார் 164 மீட்டர்தான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கரடுமுரடான பாதைகளுக்கான வண்டியின் அச்சு விகிதத்தைப் பற்றி ஒருவன் மாதக்கணக்கில் யோசிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். என் மனைவிக்கு வந்தது. ஆனால் என்னுடைய ஐந்து கியர் சுசூக்கி ஜிம்னி வாரநாட்களில் தீவு விரைவுச்சாலையிலும், ஆண்டில் நான்கைந்து முறை ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள செம்மண் பாதைகளிலும் ஓடுகிறது. இந்த இரண்டு வாழ்க்கையையும், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களின் அச்சுக்குக் கடத்தும் பல்சக்கர இணையில் பெரியதாகிய ஒரே கிரவுன் வீலும் சிறியதாகிய ஒரே பினியனும்தான் சுமக்கின்றன என்பதே இந்தக் கணக்கின் சிக்கல்.

அச்சு விகிதம் என்பது பினியன் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பதைச் சொல்லும் எண். 1.5 லிட்டர் ஜிம்னியில் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு அது 4.090, தானியங்கி கியர் வண்டிக்கு 4.300. எண் கூடக்கூடச் சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டியும் வரும். பட்டறைகளில் சிலர் எண் பெரிதாக இருப்பதைப் ‘பெரிய கியர்’ என்பார்கள், வேறு சிலர் அதையே ‘சின்ன கியர்’ என்பார்கள். ஆகையால் பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேட்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த யோசனை எனக்குத் தொடங்கியது குளுவாங்கில் இருக்கும் நண்பரால். ஜப்பானிலிருந்து இறக்குமதியான, என்னுடையதைப் போன்றே ஐந்து கியர் கொண்ட அவருடைய ஜிம்னியில், 195/80R15 என்ற மூல டயரைக் கழற்றிவிட்டு 235/75R15 மாட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு பேரும் அவர்களுடைய மூட்டைகளும் குளிர்சாதனமுமாகக் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது நான் ஓட்டும் முறை வந்தது. ஐந்தாவது கியரில் வண்டி மெல்ல மெல்ல வேகத்தை இழந்தது. நான்காவதுக்கு இறக்கினால் எஞ்சின் அலறியது. அந்த ஏற்றம் முழுவதும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கியரைத் தேடிக்கொண்டிருந்தேன், இல்லாத கியரை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது காரணம் தெளிவாயிற்று. மூல டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர், புதியது ஏறத்தாழ 733, அதாவது 5.8 விழுக்காடு அதிகம். டயர் எவ்வளவு பெரிதாகிறதோ அந்த அளவுக்கு அச்சு விகிதம் தானாகவே குறைந்துவிட்டதாகக் கொள்ளலாம், ஏனென்றால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கூடிவிடுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மூல டயருடன் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,440 முறை சுழலும், பெரிய டயருடன் 3,250 முறைதான். கேட்பதற்கு இது எரிபொருளை மிச்சப்படுத்தும் நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசையாகிய 130 நியூட்டன் மீட்டர் 4,000 சுழற்சியில்தான் கிடைக்கிறது, ஆகவே ஏற்றத்தில் நமக்குத் தேவையான இடத்திலிருந்து எஞ்சினை நாமே இன்னும் தள்ளி வைக்கிறோம்; போதாததற்குச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் ஐந்தரை விழுக்காடு குறைகிறது, டயரின் கூடுதல் எடை வேறு சேர்ந்துகொள்கிறது. (பாரம் ஏறிய டயர் சற்று அமுங்குவதால் உண்மையான எண்கள் கொஞ்சம் மாறும்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதனால் பாதகமில்லை.) வேகமானியும் அந்த 5.8 விழுக்காட்டைக் குறைத்துக் காட்டும் என்பதை விரைவுச்சாலைக் கேமராக்கள் உள்ள ஊரில் மறக்கக் கூடாது.

இழந்ததை மீட்க எந்த விகிதம் வேண்டும்? 4.090ஐ விட்டங்களின் விகிதத்தால் பெருக்கினால் 4.33 வருகிறது. தானியங்கி வண்டியின் 4.300 அதற்கு ஒரு மயிரிழை அருகில் நிற்கிறது. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, சந்தையில் தேடிய பொருள் வீட்டு அலமாரியிலேயே இருப்பதைக் கண்டவனுடையது. நண்பர் அந்த வழியில்தான் போனார்.

ஆனால் அவருடைய பட்டறையில் ஒருவர் வேறு கட்சி. அச்சைத் திறந்து செலவழிப்பது என்றான பின் ஏன் 4.3 உடன் நிற்க வேண்டும், 4.8 அளவுக்குப் போனால் பாறையில் வண்டி பூனை மாதிரி ஏறுமே என்றார். பாறையைப் பொறுத்தவரை அவர் சொன்னது தவறில்லை. ஆனால் 4.8 போட்டால், பெரிய டயருடனும்கூட, 110 கிலோமீட்டரில் எஞ்சின் 3,800 முறைக்கு மேல் சுழலும், நம் விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டரில்கூட 3,100ஐத் தாண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு, பாறையில் இருபது நிமிடம் ஏறுபவனுக்கு அந்த நான்கு மணி நேரம்தான் பெரிய பாறை. இன்னொன்று: விகிதம் கூடும்போது பினியனில் பற்கள் குறைகின்றன. 4.09 என்பது 45க்கு 11 பற்கள், 4.30 என்பது 43க்கு 10, 4.8க்கு மேல் போனால் பெரும்பாலும் எட்டில் வந்து நிற்கும். பினியன் சிறுத்தால், மிக அதிகமாக முறுக்கப்படும் அந்த இடத்திலேயே வலிமையும் சிறுக்கிறது.

என் கருத்தில் விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் மிகக் கடினமான ஏற்றம் அன்று, வண்டி அதிக மணி நேரம் ஓடும் கியரும் வேகமும்தான். மெதுவாக ஊர்வதற்கு, எஞ்சினின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்கியர் இருக்கிறது. ஜிம்னியில் அது 2.002, முதல் கியரின் 4.425ஐயும் அச்சின் 4.090ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 36 வருகிறது, அதாவது எஞ்சின் 36 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இது போதாதவர்கள் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்கியரை மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம், நெடுஞ்சாலைக் கியர்களை அது தொடாது. அச்சு விகிதமோ எல்லாக் கியரையும் ஒரே வீச்சில் மாற்றிவிடுகிறது.

மாற்றுவது என்று முடிவானால் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது; இரண்டு அச்சுகளும் வெவ்வேறு விகிதத்தில் இருந்தால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட மாத்திரத்தில் ஒன்றையொன்று முறுக்கிப் பார்த்துக்கொள்ளும். ஆகவே செலவு இரட்டிப்பு. அதைவிடப் பெரிது, வேலையின் நுட்பம். பினியன் எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது, பற்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பவற்றை மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்ய வேண்டும். பிறகு பற்களில் வண்ணப்பசை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யாத பட்டறையிலிருந்து வரும் வண்டி சில வாரங்களிலேயே பின்பக்கத்தில் ஊளையிடத் தொடங்கும். புதிய பற்கள் சூடேறிப் பழகும்வரை தொடக்கத்தில் குறைந்த தூரம் ஓட்டி ஆறவிடுவதும், முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுவதும் நல்லது.

இங்கே பதிவான வண்டிக்கு இன்னொரு வேலியும் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டி மாற்றங்களை அனுமதியின்றிச் செய்யக்கூடியவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே அந்தப் பட்டியலோடு ஒருமுறை உட்கார வேண்டும். சோதனை நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயமன்று அது.

கடைசியில் நான் அச்சைத் திறக்கவில்லை. 215/75R15 டயரோடு நின்றுவிட்டேன். விட்டத்தில் ஒன்றரை விழுக்காடுதான் வித்தியாசம், ஐந்தாவது கியரில் அது தெரியவே இல்லை. இதைக் கோழைத்தனம் என்று நண்பர் சொன்னார், சிக்கனம் என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு வண்டிகளும் காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தாவுக்குச் செல்லும் செம்மண் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மழையில் அரித்துக் கற்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்த ஓர் இறக்கத்தில் இருவரும் தாழ்கியரின் முதல் கியரைப் போட்டு, கால்களை மிதிகளிலிருந்து எடுத்துவிட்டோம். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுழன்றால் அவருடைய 4.300 அச்சும் பெரிய டயரும் சேர்ந்து மணிக்கு 3.63 கிலோமீட்டர் தரும், என்னுடையது 3.66, கண்ணுக்கு இரண்டும் ஒரே நடை. அடிவாரத்துக்குச் சற்று மேலே ஒரு கல் கிடந்தது. அவருடைய பின்னச்சு அதைத் தொடாமல் கடந்தது. என்னுடையது உரசிக்கொண்டு போன சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் முன்னால் நிறுத்திவிட்டுச் சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே 15 மில்லிமீட்டர் இடைவெளியைக் காட்டினார்.