சரக்கு என்னும் சொல்

ஏலக்காய் சீசனில் போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஓயாமல் காதில் விழும் சொல் 'சரக்கு'. இடுக்கி மலையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும் மூட்டைகள் சரக்கு; அவற்றை ஏற்றிவரும் வண்டி சரக்கு வண்டி. ஆனால் ஒரு வியாபாரி இன்னொருவரிடம் 'சரக்கு எப்படி?' என்று கேட்டால், அவர் கேட்பது தரத்தை. மாதிரிக் காய் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து, உள்ளே அரிசி, அதாவது விதை, கறுத்து முற்றியிருக்கிறதா, தோலில் பச்சை நிறம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே 'நயம் சரக்கு' என்ற சொல் வாயிலிருந்து வரும்.

மளிகைக் கடையை இங்கே பலசரக்குக் கடை என்றே சொல்கிறோம். மலை ஏறினால் மலையாளத்திலும் அதுவே பலசரக்குதான், உச்சரிப்பு மட்டும் 'பலசரக்கு' என்பதிலிருந்து 'பலச்சரக்கு' என்று சற்று அழுத்தம் பெறும். 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி.யைத் தமிழும் மலையாளமும் இந்தச் சொல்லை வைத்தே பெயரிட்டன. தெலுங்கில் 'சரகு' என்ற சொல் இருந்தும் அரசு 'வஸ்து' என்பதைத் தேர்ந்துகொண்டது.

நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் கடைச்சரக்கு. பலகாரம் போடுபவர் சரக்கு மாஸ்டர். விஷயம் தெரிந்தவரைச் 'சரக்குள்ள ஆள்' என்கிறோம். இத்தனை மதிப்போடு புழங்கும் சொல்லை இளைஞர்கள் பலர் மதுவுக்கு மட்டுமே உரியதாக ஆக்கிவிட்டது எனக்கு வருத்தமே. பெண்களைக் குறிக்க அதைப் பயன்படுத்துவதோ, தமிழிலும் சரி மலையாளத்திலும் சரி, மன்னிக்க முடியாத இழிவு.

'சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா?' என்ற பழமொழி இன்றும் எங்கள் வியாபாரிகளின் பேச்சில் உண்டு. விலை ஏறுவது பொருளின் கிராக்கியாலா, விற்பவரின் பிடிவாதத்தாலா என்பதே கேள்வி. 2018 வெள்ளத்துக்கும் அதன்பின் வந்த வறட்சிக்கும் பிறகு ஏலச்செடிகள் பெருமளவு அழிந்து வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த ஆண்டு முறுக்கு முழுவதும் சரக்கினுடையதுதான்.