பால் ஸ்க்ரூவில் விட்டத்துக்கு முன்னால் லீட்

கைச்சக்கரத்தில் ஓடிய மில்லிங் மெஷினுக்கு மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் (நட்டுக்குள் எஃகு உருண்டைகள் உருள, சுழற்சியை நேர் நகர்வாக்கும் திருகுத் தண்டு) பூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்க்ரூவின் விட்டத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்: 16 மில்லிமீட்டர் போதுமா, 25 வேண்டுமா? நான் லீடிலிருந்து தொடங்குவேன். லீட் என்பது ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம்; அதுதான் மோட்டாரின் தலையெழுத்து. 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 5 மில்லிமீட்டர் லீடில் ஏறக்குறைய 2,250 நியூட்டன் தள்ளுவிசையாகிறது; 10 மில்லிமீட்டர் லீடில் அதில் பாதிதான். வேகம் இரட்டிப்பாகும், உண்மைதான். ஆனால் 5 மில்லிமீட்டர் லீடிலேயே நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்றால் 3 மீட்டர் போகிறது. எஃகு வெட்டும் சிறிய மெஷினுக்கு அதற்கு மேல் எதற்கு?

இனி விட்டம். பட்டியலில் உள்ள பளுத் திறனைப் பார்த்து 16 போதும் என்று முடிவு செய்பவர்கள் உண்டு. உடைந்துபோகாது என்பது சரிதான். நீளாமல் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. ஒரு முனையில் மட்டும் பிடித்த 500 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை 1,000 நியூட்டனில் இழுத்தால், 16 விட்டம் சுமார் 18 மைக்ரான் நீளும். 20 என்றால் 11. 25 என்றால் 6 அல்லது 7. நான் வேலை பார்த்த ஒரு மெஷினில் முன்னிறுக்கம் கொடுத்த (ஆட்டம் இல்லாதபடி முன்கூட்டியே இறுக்கிய) நட் இருந்தும், வட்டக் குழி வெட்டினால் அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் தழும்பு விழுந்தது. 20 விட்டம் மாற்றியபின் அந்தத் தழும்பு நகத்துக்குத் தட்டுப்படவில்லை. நட்டில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டம்) இல்லை என்பதற்காகத் தண்டு நீளாமல் இருந்துவிடாது.

அதற்காக 32-க்குத் தாவுவதும் வேண்டாம். சுழல் நிலைமம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அதே நீளத்தில் 16-ஐவிட 32-க்கு 16 மடங்கு. மோட்டாரின் பலம் ஸ்க்ரூவைச் சுழற்றுவதிலேயே கரைந்துவிடும். இடமும் இருக்காது. 16-இன் நட் உடல் பொதுவாக 28 மில்லிமீட்டர், 20-க்கு 36, 25-க்கு 40. அதற்கு வழிவிட சேடிலின் (டேபிளைத் தாங்கும் பகுதியின்) வார்ப்பைக் குடைந்தால், ஸ்க்ரூவில் பெற்ற விறைப்பைச் சேடிலில் இழப்போம். நட்டின் அளவில் மரத்தில் ஒரு மாதிரி கடைந்து, டேபிளின் முழு ஓட்டத்துக்கும் நகர்த்திப் பார்த்த பிறகுதான் நான் ஆர்டர் எழுதுவேன். சிறிய மெஷின்களில் பெரும்பாலும் 20-இல் வந்து நிற்கிறேன்.

முனைப் பேரிங்கில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. இறுக்கிப் பொருத்திய ஆங்குலர் கான்டாக்ட் (அச்சு வழி விசையையும் தாங்கும்) பேரிங் ஜோடி அங்கே இல்லையென்றால், எந்த ஸ்க்ரூ வாங்கியும் பயனில்லை.

செங்குத்து அச்சு தனிக் கதை. உருண்டைகள் இல்லாத பழைய ஸ்க்ரூ உராய்விலேயே மெஷினின் தலையை (வெட்டும் கருவியைச் சுழற்றும் பகுதியை) பிடித்து நிறுத்திவிடும். பால் ஸ்க்ரூவின் திறன் ஏறக்குறைய 90 சதவீதம் என்பதால், மின்சாரம் போனதும் தலை தானாக இறங்கும்; கீழே யாருடைய கையாவது இருக்கலாம். பிரேக் வைத்த மோட்டாரோ எதிர்எடையோ முடிவாகாத வரை அந்த அச்சின் பழைய ஸ்க்ரூவைக் கழற்ற நான் சம்மதிப்பதில்லை.