ரொறன்ரோவில் ஸ்னோ எவ்வளவு விழும் என்பதைவிட எங்கே விழும் என்று பாருங்கள்

இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் நான் சொல்வது ஒன்றுதான். கைப்பேசியில் ‘நாளை 10 சென்ரிமீற்றர்’ என்று வந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் பாருங்கள்.

காரணம் ஏரி. ஒன்ராறியோ ஏரி ஆழமானது, குளிர்காலத்திலும் பெரும்பகுதி உறையாது. கிழக்குக் காற்று அந்தத் தண்ணீருக்கு மேலாக வரும்போது கரையோரத்தில் வெப்பநிலை 1, 2 பாகை ஏறிவிடும், அங்கே வெறும் மழை பெய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் வடக்கே மார்க்கம், வோன் பக்கம் ஸ்னோ குவிந்துகொண்டிருக்கும். வடமேற்குக் காற்று என்றால் கதை வேறு. ஹூரன் ஏரியின் ஒரு பகுதியான ஜோர்ஜியன் குடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பேரி நகரத்துப் பக்கம் கொட்டிவிடும், ரொறன்ரோவில் வெயில் அடிக்கும். பேரியில் வேலை கிடைத்து தினமும் கார் ஓட்டப் போகிறவர்கள் ரொறன்ரோ முன்னறிவிப்பை நம்பிக் கிளம்பக் கூடாது.

அளவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பொதுவாக 1 மில்லிமீற்றர் தண்ணீருக்கு 1 சென்ரிமீற்றர் ஸ்னோ என்று கணக்குப் போடுவார்கள். நல்ல குளிரில் அதே தண்ணீர் பஞ்சுபோல இன்னும் உயரமாக விழும், 0 பாகைக்குப் பக்கத்தில் விழுந்தால் உயரம் குறையும், ஆனால் தள்ளும்போது இடுப்பு போய்விடும். இதய நோய் உள்ளவர்கள் அந்த ஈர ஸ்னோவில் கை வைக்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் ஸ்னோவைவிட ஃப்ரீசிங் ரெயினுக்குத்தான் பயப்பட வேண்டும். மேலே கொஞ்சம் சூடான காற்று, கீழே தரையை ஒட்டி 0 பாகைக்குக் கீழான காற்று. மேலே உருகிய ஸ்னோ மழையாக இறங்கி, மரக்கிளை, மின்கம்பி, தெரு என்று எதில் பட்டாலும் அதிலேயே உறைந்துவிடும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் அப்படித்தான் நடந்தது, கிளைகள் முறிந்து கம்பிகளில் விழ, நத்தார் நேரத்தில் பல வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்தச் சூடான படலம் கொஞ்சம் தடிமன் குறைந்தாலே மழை ஐஸ் குருணையாகவோ ஸ்னோவாகவோ மாறிவிடும், அதனால்தான் முன்னறிவிப்பாளர்கள் கடைசி நேரம்வரை திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. ஐந்து நாளுக்கு முன்னால் புயல் வருமா என்று கேட்கலாம், எத்தனை சென்ரிமீற்றர் என்று கேட்க முடியாது.

அப்புறம் பிளாக் ஐஸ், அதாவது தெருவில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய ஐஸ் படலம். காற்று 2 பாகை என்று காட்டினாலும், வானம் தெளிந்த இரவில் தெரு அதைவிடச் சீக்கிரம் குளிர்ந்து 0க்குக் கீழே போய்விடும், பாலங்கள் அடியிலும் காற்றுப் படுவதால் முதலில் உறையும். முன்னால் போகிற காரின் சக்கரத்தைக் கவனியுங்கள். தெரு ஈரமாக மினுங்குகிறது, ஆனால் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஐஸாக இருக்கலாம். பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல் வேகத்தைக் குறையுங்கள். உப்புப் போட்டிருக்கிறார்கள் என்றும் நம்பிவிடாதீர்கள், சுமார் -10க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது.

மாலையில் மழை, விடியற்காலையில் -3 என்று மணிவாரி முன்னறிவிப்பில் கண்டால், மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பஸ் நிறுத்தம்வரை பாதம் முழுதும் பதிய, சின்னச் சின்ன அடியாக, கைகளைப் பொக்கற்றுக்குள் விடாமல் நடங்கள்.