முன்கையில் இழுத்தால் விரல் மடங்கும்

உடற்கூறியல் துறையில் டியூட்டர் வேலை என்றால் பாதி நேரம் நின்றுகொண்டே பேசுவது, மீதி நேரம் குனிந்து இடுக்கியால் எதையாவது தூக்கிக் காட்டுவது. இறந்த உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாடை சட்டையோடு வீடு வரை வரும். போகப் போகப் பழகிவிடும் என்பார்கள். மூக்குக்குப் பழகிவிட்டது, கண் எரிச்சல் மட்டும் இன்னும் பழகவில்லை.

புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் ஏமாற்றம் நிறத்தில்தான். உடற்கூற்றுப் படநூலான அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் இருக்கும் உடலில் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் பழுப்பு. "எது எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பார்கள். தொட்டுப் பார் என்பேன். தமனியின் சுவர் தடிப்பானது, அழுத்தி விட்டால் திரும்ப நிமிரும். சிரையின் சுவர் மெல்லியது, பல இடங்களில் தட்டையாகப் படிந்து கிடக்கும். நரம்புக்கு உள்ளே துளையே கிடையாது, விரலிடையே உருட்டினால் முறுக்கிய நூல் போலக் கெட்டியாக இருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்கிற மாணவர் குறைவு. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் வருகிற அழுத்தத்தைத் தமனிதான் நேராக வாங்கிக்கொள்கிறது. சிரைக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால் காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் உள்ளே வால்வுகள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிகிறது, வால்வுகள் ரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. மணிக்கணக்கில் அசையாமல் நின்று பாடம் எடுப்பவனுக்குக் கால் வீங்குவது ஏன் என்பதை நான் அனுபவத்திலேயே சொல்லலாம்.

முன்கையைப் பிரிக்கும் நாள் எனக்கு எப்போதும் பிடித்த நாள். தோலையும் அதன் கீழ் உள்ள உறையையும் விலக்கிய பிறகு, மணிக்கட்டுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒன்றைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். இழுத்தால் விரல் மடங்கும். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கூட அப்போது பக்கத்தில் வந்துவிடுவார். விரலை மடக்குகிற தசை எதுவும் விரலுக்குள் இல்லை. பலமாகப் பிடிக்க உதவுகிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, நுணுக்கமான அசைவுகளுக்கான சிறிய தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. விரலுக்குள் போவது தசைநாண் மட்டும். அத்தனை தசையும் விரலிலேயே இருந்திருந்தால் விரல் தடித்துப்போயிருக்கும், ஊசியில் நூல் கோர்க்க முடியாது. ஒரு கையால் மற்றொரு முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே அசைவது தெரியும்.

தேர்வு வந்தால் இதெல்லாம் மறந்துபோய், பெயர்ப்பட்டியல் மட்டும் மிஞ்சும். ஸ்பாட்டர் தேர்வில் குண்டூசி குத்திய இடத்தின் பெயரை எழுதிவிட்டு மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். பெயர் தெரியத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நான் பெயரோடு விடுவதில்லை. இதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, இது எந்த வழியாக இங்கே வந்தது என்று கேட்பேன். வலது சிறுநீரகம் பொதுவாகச் சற்றுத் தாழ்ந்திருப்பது மேலே கல்லீரல் இருப்பதால். மூச்சுக்குழாயில் தவறிப்போகும் சிறு பொருள் பெரும்பாலும் வலப்பக்கம் போவது, அந்தக் கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால். இவை எளிய கேள்விகள்.

இடது குரல்வளை நரம்புதான் என் ஆயுதம். கழுத்தில் இருக்கும் குரல்வளைக்குப் போக வேண்டிய நரம்பு, நேராகப் போகாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. யாரும் உட்கார்ந்து வரைந்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டார்கள். கருவில் இதயமும் அதன் பெருங்குழாய்களும் கழுத்துப் பகுதியில் தொடங்கிக் கீழே இறங்குகின்றன. அவற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபடுகிறது. இதனால் இடது நுரையீரல் பக்கம் வளரும் ஒரு கட்டி, இருமலுக்கு முன்பே குரல் கம்மலாகக்கூட வெளிப்படலாம். குரல் கம்மல் நாள்பட நீடித்தால் மருத்துவர் தொண்டையோடு நிற்காமல் மார்பையும் பார்ப்பது இந்த வழி தெரிந்ததால்தான்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் கதையும் அதேதான். அதுவும் கருவில் கழுத்தருகே தொடங்கியது, அதன் நரம்பு இன்றும் கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கண்டங்களிலிருந்து வருகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் ஏறக்குறைய அங்கேதான் போய்ச் சேர்கிறது. எனவே பித்தப்பை அழற்சி உதரவிதானத்தை உறுத்தினால் சிலருக்கு வலது தோள் வலிக்கும். தோளில் தைலம் தேய்த்து என்ன பயன்?

இன்னொன்று. வெட்டிப் பார்த்த உடல் அட்லஸோடு ஒத்துப்போகவில்லை என்றால், தாங்கள்தான் தப்பாக வெட்டிவிட்டோம் என்று மாணவர்கள் பதறுவார்கள். உடலை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்புவது பழைய பழக்கம். பண்டைக்கால மருத்துவர் கேலன் குரங்கு போன்ற விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனித உடல் என்றே படித்தார்கள். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அவர் எழுதியதை, தானே கத்தி பிடித்து மனித உடலை அறுத்துப் பார்த்த உடற்கூறியலாளர் வெசாலியஸ் ஒன்றுதான் என்று திருத்தினார். 1543இல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது.

பதறுகிறவர்களுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கச் சொல்வேன். நடுவில் ஒரு தசைநாண் புடைத்துத் தெரியும். சிலருக்குத் தெரியாது, அந்தத் தசை பிறவியிலேயே இல்லை. ஒரு கையில் இருந்து மறுகையில் இல்லாதவர்களும் உண்டு. பிடியின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. இருப்பவர்களிடமிருந்து அதை எடுத்து வேறு இடத்துத் தசைநாணைச் சரிசெய்ய அறுவை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அப்புறம் வகுப்பு என் கையில் இருக்காது. ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் கத்தியை வைத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன்.