இழைமணி: பெயரே சொல்லும் வடிவம்

செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை இலங்கைப் பாடநூல்கள் இழைமணி என்கின்றன. மிக நேர்த்தியான கலைச்சொல் அது. கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரியான் என்றால் சிறுமணி. 1898இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் ஜெர்மானியரான கார்ல் பெண்டா. விந்தணு உருவாகும் செல்களில் இவை சில இடங்களில் மணி மணியாகவும் சில இடங்களில் நூலாகவும் தெரிந்தன. ஆற்றல் உற்பத்தி என்ற வேலை அப்போது தெரியாது. அதனால்தான் பெயரில் உருவம் மட்டும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லும்போது மைட்டோகாண்ட்ரியான், பலவானால் மைட்டோகாண்ட்ரியா. 'மைட்டோகாண்ட்ரியாக்கள்' என்பது பன்மைக்கு மேல் பன்மை.

அந்த மணிகளைக் கண்ணால் பார்க்க வெங்காயத் தோலே போதும். சதைப்பற்றான இதழின் உட்புறத்திலிருந்து மெல்லிய சவ்வை உரித்து, 0.01 சதவீத ஜானஸ் கிரீன் பி சாயத்தில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். பிறகு நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் செல்லின் ஓரங்களைப் பாருங்கள்: நீலப்பச்சைப் புள்ளிகள் மெல்ல நகரும். இழைமணியிலுள்ள நொதி சாயத்தை ஆக்சிஜனேற்ற நிலையில் வைத்திருப்பதால் அங்கே நிறம் நிற்கிறது. சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் (செல்லை நிரப்பியிருக்கும் கூழ்மப் பொருளில்) சாயம் ஒடுக்கமடைந்து, அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேரெதிரான வேதிமாற்றம் அடைந்து, நிறமிழக்கிறது.

செல் உயிரோடு இருந்தால்தான் இது நடக்கும். சவ்வு காய்ந்தாலோ சாயம் கெட்டியானாலோ செல் இறந்து, உட்கரு உட்பட எல்லாமே நீலமாகிவிடும். அப்படித் தெரிந்தால் புதிய சவ்வை உரித்து, சாயத்தை இன்னும் நீர்க்கச் செய்து பாருங்கள்.