எஸ்7 உளியின் தலை: மூன்றாவது முயற்சியில் பதம் வந்தது

நேற்று மாலை, எஸ்7 என்ற அதிர்ச்சி தாங்கும் கருவி எஃகில் செய்த புது உளியைப் பழைய கான்கிரீட் திண்டில் வைத்து, 2 கிலோ சுத்தியலால் இருநூறு அடிக்கு மேல் அடித்தேன். முனை மழுங்கவில்லை, தலையிலிருந்து ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை. இரண்டு உளிகளைப் பலி கொடுத்த பிறகு கிடைத்தது இது. மனசு நிறைந்துவிட்டது.

ஹார்டனிங், அதாவது எஃகைக் காய்ச்சி ஆற்றிக் கடினமாக்குவது, எனக்குத் தொல்லை கொடுக்கவில்லை. 20 மி.மீ. ரவுண்ட் பார், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபாயிலில் சுற்றி, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை எரித்துத் தீர்க்க ஒரு துண்டுக் காகிதம். 650 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, பிறகு 940-க்கு ஏற்றி அரை மணி நேரம். வெளியே எடுத்துக் காற்றிலேயே ஆறவிட்டேன். கை தாங்கும் சூடு வந்ததும் 220 டிகிரியில் இரண்டு மணி நேர டெம்பர் (நொறுங்காமலிருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது), இரண்டு தடவை. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 57 பக்கம் வந்தது.

சிக்கல் தலையில். உடம்பு முழுக்க 57 என்றால் தலையும் 57. சுத்தியல் முகமும் கிட்டத்தட்ட அதே கடினம். இரண்டும் மோதினால் ஏதாவது ஒன்று தெறிக்கும், அது கண்ணுக்குத்தான் வரும்.

முதல் உளியில் தலையை மட்டும் மிருதுவாக்க, ஈஎன் 9 என்ற சாதாரண கார்பன் எஃகுக்குச் செய்வதுபோல டார்ச்சில் நீலம் பூக்கும்வரை காட்டினேன். ஆறியபின் பார்த்தால் ராக்வெல் 50 எண் சோதனை அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது, அதாவது தலை இன்னும் 50-க்கு மேல்! எஸ்7-ல் குரோமியம் 3 சதவீதத்துக்கு மேல், மாலிப்டினம் 1.5 பக்கம். நீலம் பூக்கும் 300 டிகிரி அதற்கு ஒரு சூடே இல்லை. 540-க்குப் போனாலும் 50-ஐ ஒட்டியே நிற்கும். சூட்டு வேலை அச்சுகளுக்கு இதை எடுப்பதும் அதனால்தான். போதாததற்கு, குரோமியம் கூடின எஃகில் நிறத்தைப் பார்த்து டெம்பர் சொல்வதே ஏமாற்று வேலை.

இரண்டாவதில் கோபத்தோடு நல்ல செக்கச்செவேலெனக் காய்ச்சி, செங்கல் மேல் வைத்து ஆறவிட்டுவிட்டேன். மூன்றாவது அடியில் அரிசி அளவு சில்லு பறந்து ஏப்ரனில் பட்டது. காரணம் புரிய இரவு முழுக்க ஆனது. இது காற்றிலேயே கடினமாகும் எஃகு. 60 மி.மீ. தடிமன்வரை எண்ணெயில் தோய்க்க வேண்டாம். நான் தலையை மிருதுவாக்கவில்லை, டெம்பரே இல்லாமல் மறுபடி ஹார்டன் செய்திருக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதை அடித்துப் பார்க்காதீர்கள்.

மூன்றாவதில் செய்தது இது. உளியின் முக்கால் பங்கை வாளித் தண்ணீருக்குள் நிறுத்தினேன். பட்டறை விளக்கை அணைத்தேன். டார்ச்சைத் தள்ளிப் பிடித்து, இருட்டில் மட்டும் தெரிகிற மங்கின சிவப்பு வரும்வரை மெதுவாக ஏற்றினேன். கம்பியில் கட்டின காந்தத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். காந்தம் ஒட்டுகிறதென்றால் மறுபடி ஹார்டன் ஆகும் சூட்டுக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் அப்படியே பிடித்து, ஆறவிட்டு, இன்னொரு முறையும் அதேபோல. இப்போது 40 எண் அரம் தலையைக் கடிக்கிறது, முனையில் 55 வழுக்குகிறது. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பொருள் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு கடையில் எஸ்7 என்று சொல்லி, சூட்டு வேலை எஃகான எச்13-ஐக் கொடுத்தார்கள். டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் கார்பன் 0.5 பக்கம் இருக்கிறதா, வனேடியம் 1 சதவீதம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வனேடியம் அந்த அளவு இருந்தால் அது எச்13. கட் பீஸுக்குச் சர்டிஃபிகேட் தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

அடுத்து பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு அகல உளி அடிக்க ஆசை. ஈஎன் 45 பட்டை என்றால் சிலிக்கான் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், எஸ்5 என்ற சிலிக்கான் கருவி எஃகுக்கு ஏழை உறவு. அதற்கு எண்ணெயில்தான் தோய்ச்சல், தலைக்கு இவ்வளவு பாடும் இல்லை. அதற்கு முன்னால் எஸ்7-ல் மீதி இரண்டு உளிகளின் தலை பாக்கி. வாளியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றால் கழுத்துப் பகுதி சரியாக வருகிறது என்று அந்த இரண்டிலும் அளந்து பார்க்கப்போகிறேன்.